தங்கவயலைத் தலைகீழாகப் பார்ப்பது எப்படி?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்து, இப்போது டோக்கியோவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இரண்டு நாள் விடுமுறையில் சாதோ தீவுக்குப் போய்வந்தார். நீகாதா துறைமுகத்தில் கப்பலேறினால் இரண்டரை மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் கொழுத்துவரும் ‘புரி’ என்ற மீன், நண்டு, கமோ ஏரியின் சிப்பி என்று சாப்பாட்டுப் படங்களாக அனுப்பித் தள்ளினார். கடைசிப் படத்தில் உச்சியிலிருந்து இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு மலை. தங்கம் தேடி மனிதக் கைகள் வெட்டிய பிளவு அது. அந்தத் தீவின் பெரிய சுரங்கத்தில் 1601இல் தொடங்கி 1989 வரை வேலை நடந்திருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீட்டு வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் நடக்கலாம். உள்ளே தொழிலாளிகளைப் போலச் செய்துவைத்த பொம்மைகள் கையை ஆட்டிப் பாறையைக் கொத்திக்கொண்டிருக்கும். வெளியே வந்தால் மீன் சாப்பாடு.

நண்பர் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: “எங்கப்பா எறங்கின குழி இதைவிட ஆழம். நம்ம ஊருக்கு எவனாவது வந்தா நான் என்னத்தக் காட்டுவேன்?”

நியாயமான கேள்விதான். கோலார் தங்கவயலில் சீட்டு வாங்கி இறங்கிப் பார்க்க ஒரு சுரங்கம் கிடையாது. பொம்மையும் கிடையாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டுகள் நின்றன. பிறகு குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ‘கேஜிஎஃப்’ படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் நின்று நாலு பக்கமும் பார்க்கிறார்கள். அடுத்த ஊர் கடைத்தெருவைப் போலத்தான் இதுவும் இருக்கிறது. வந்ததற்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கம்மசந்திரத்தில் இருக்கிற 108 அடி கோடிலிங்கேஸ்வரரைச் சேவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லிங்கத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் தங்கவயலுக்கு வந்து தங்கவயலைப் பார்க்காமல் போகிறார்களே என்றிருக்கும்.

இந்த ஊரைப் பார்க்க ஒரு சின்னப் பயிற்சி வேண்டும். கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேடு தெரிந்தால் அதே அளவு பள்ளம் கீழே இருக்கிறது என்று அர்த்தம். கோபுரம் தெரிந்தால் அதற்கடியில் அதைப்போல நூறு மடங்கு நீளத்துக்குக் கிணறு போகிறது. ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டர் மேலே இருக்கிறது; சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. கழித்துப் பாருங்கள். இங்கே ஆட்கள் கடல்மட்டத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நின்று வேலை செய்திருக்கிறார்கள். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கிற பாக் நீரிணை பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்தான். கடலே இல்லாத இந்த ஊர்க்காரர்கள் எந்த மீனவரும் வலை விடாத ஆழத்துக்குத் தினமும் போய்த் திரும்பியவர்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெங்களூர் வண்டியில் பங்காரப்பேட்டையில் இறங்கிவிட வேண்டும். பழைய பெயர் பௌரிங்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு 16 கிலோமீட்டர் கிளைப் பாதை ஒன்று பிரிகிறது. சுரங்கத்துக்காகவே போட்ட பாதை. காரில் வந்தால் நேரம் மிச்சம் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒருமுறையாவது சாயங்காலம் பெங்களூரிலிருந்து திரும்பும் ‘ஸ்வர்ணா’ ரயிலில் ஏறி வாருங்கள். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்பதற்கு அந்த வண்டியே பதில். விடிவதற்கு முன் எழுந்து பெங்களூருக்குப் போய், கட்டட வேலையோ காவல் வேலையோ கணினி வேலையோ பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவர்கள் பெட்டி பெட்டியாக இருப்பார்கள். தாத்தா கூண்டில் இறங்கினார், பேரன் ரயிலில் ஏறுகிறான். பெட்டிக்குள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் நடமாடும். தமிழில் கொஞ்சம் காது வையுங்கள். குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து வாடை அடிக்கும். இவர்களில் பெரும்பாலோரின் பூட்டன்மார் வடஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள். ஊரில் நிலமில்லாமல், சாதியின் பாரம் தாங்காமல் மலையேறி வந்தவர்கள். தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பெத்தமங்கலம் ஏரி பாலாற்றில் கட்டியது. அதே பாலாறுதான் கீழே வேலூருக்குப் போகிறது. ஆறு கீழே இறங்க, ஆட்கள் மேலே ஏறியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், சைனைடு மேட்டுக்குப் போங்கள். ஊரார் ‘சைனைடு’ என்று மட்டும் சொல்வார்கள், ஏதோ தெருப் பெயர் போல. வெளிர் சாம்பலும் மஞ்சளும் கலந்த தட்டையான குன்றுகள். மழை வழிந்து வழிந்து பக்கவாட்டில் ஆயிரம் ஓடைகளைக் கீறியிருக்கும். கீழ்வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கீறலிலும் நிழல் தங்கும். யானைத் தோலைப் பக்கத்தில் நின்று பார்த்தது போல இருக்கும். நடுப்பகலில் போனால் வெறும் மண்மேடு. இதை ரசிக்க வெளிச்சம் முக்கியம், காற்று அதைவிட முக்கியம். வறண்ட மாதங்களில் காற்று அடித்தால் அந்தத் தூள் எழும்பி ஊர்மேல் படியும். மழைக்காலம் முடிந்து மண் இறுகியிருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். மேலே ஏறிக் குதித்து விளையாடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். ஓரத்திலிருந்து பார்த்தாலே போதும்.

இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் மேடு வேறு மாதிரி தெரியும். இங்கே தங்கம் கட்டிகட்டியாகக் கிடைக்கவில்லை. பாறைக்குள் ஓடும் வெள்ளைக்கல் நரம்புகளில், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லைக் கீழே வெடிவைத்துப் பெயர்த்து, கூண்டில் ஏற்றி, மில்லில் மாவாக இடித்து, சைனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவுதான் இந்த மேடு. மொத்தம் 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கிய 1880 முதல் மூடும் வரை எடுத்த தங்கம் சுமார் 800 டன். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ஒரு சவரனுக்கு 330 கிலோ மண் வருகிறது. கழுத்தில் ஐந்து சவரன் சங்கிலி போட்டுக்கொண்டு போகிறவர்கள் அந்த மேட்டின் முன் நின்று ஒரு நிமிடம் இந்தக் கணக்கைப் போடலாம். நான் பார்த்த எந்த அருங்காட்சியகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கப் பலகை இல்லை.

‘கேஜிஎஃப்’ படப்பிடிப்பும் இங்கே நடந்ததுதான். படத்தில் திறந்த வெளியில் பெரிய பள்ளமாகக் காட்டினார்கள். நிஜத்தில் வேலையெல்லாம் நிலத்தடியில், விளக்கு வெளிச்சத்தில். பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024இல் வந்தபோது, இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்கள் யார் என்ற கேள்வியையாவது எழுப்பியது.

அடுத்தது ஷாஃப்ட்டுகள். கிஃபோர்டு, ஹீத்கோட், எட்கர் என்று வெள்ளைக்காரப் பெயர்கள். குழியின் வாய்க்கு மேலே இரும்புச் சட்டங்களால் ஆன கோபுரமும் உச்சியில் பெரிய சக்கரமும் நிற்கும். சக்கரத்தின் மேல் ஓடிய கம்பி வடத்தில்தான் கூண்டு இறங்கும். பல இடங்களில் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், வேலியைத் தாண்டாதீர்கள். கைவிட்ட குழிகளில் திருட்டுத்தனமாக இறங்கி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். வெளியே நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு காலடியைப் பாருங்கள். ஒரே கூண்டில் அடிவரை போக முடியாது. பாதியில் இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிற வேறொரு குழியில் வேறு கூண்டு பிடிக்க வேண்டும். அவ்வளவு ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதனால் குளிரூட்டிய காற்றைக் கீழே தள்ளுவதற்கு மேலே இயந்திரங்கள் ஓடின.

சாம்பியன் ரீஃபில் ஒரு டீக்கடை பெஞ்சில் பெரியவர் ஒருவரோடு பேச்சுக் கிடைத்தது. முப்பது வருடம் இறங்கியவர்.

“அய்யா, தங்கத்தைக் கண்ணால பாத்திருக்கீங்களா?” என்றேன்.

“எங்க தம்பி. பாத்ததெல்லாம் கல்லுதான். எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கடையிலதான் வாங்கினேன்” என்றார். சிரிக்கவில்லை.

பிறகு அவரே ‘ஏர் பிளாஸ்ட்’ பற்றிச் சொன்னார். மேலேயுள்ள பாறையின் பாரம் தாங்காமல் கீழே சுவரோ கூரையோ திடீரென்று வெடிக்கும். மேலே தொழிலாளிகளின் லைன் வீடுகளில் அடுக்குப் பாத்திரம் உருண்டு விழும். உருண்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். “எந்த ஷிப்ட்ல யாரு எறங்கியிருக்கான்னு எல்லா ஊட்டுக்கும் தெரியும். சங்கு ஊதறதுக்கு முன்னாடியே பாதி ஊரு அங்க நிக்கும்.” பாறை வெடிப்பு உள்ளிட்டவற்றை ஆராய 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இந்த ஊரில் தொடங்கப்பட்டது. பெரியவர்கள் பேசத் தொடங்கினால் குறுக்கே கேள்வி போடாதீர்கள். அவர்கள் சுரங்கத்தை மட்டம் மட்டமாக, எண் சொல்லி இறங்கித்தான் விவரிப்பார்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி மேலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அவர் பேச்சோடு லைன்களைப் பாருங்கள். தாழ்ந்த கூரை, ஒட்டியொட்டி வரிசை, ஒரு வாசலுக்கு எதிரே இன்னொரு வாசல். அங்கிருந்து மேட்டுப்பக்கம் நடந்தால் கம்பெனி அதிகாரிகளின் பங்களாக்கள்: அகலத் தாழ்வாரம், தோட்டம், சரிந்த ஓடு. 1885இல் தொடங்கிய கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அந்தப் பக்கம்தான். ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வந்தது அந்த மேட்டால். சுற்றுலா எழுத்துகளில் அதையே திரும்பத் திரும்பப் பெருமையாக எழுதுகிறார்கள், எனக்குச் சலித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நடக்கிற தூரம் இருபது நிமிடம்கூட இராது. அந்த இருபது நிமிடத்தை நடந்தே கடந்து பாருங்கள், பங்களாவின் அழகு எங்கிருந்து வந்தது என்று தெரியும். இன்னொன்று: காவிரியின் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி 1902இல் இங்கே வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல். மின்சாரம் முதலில் தேடி வந்தது குழியைத்தான்.

வழிகாட்டிகள் காட்டாத இன்னொரு தங்கவயல் உண்டு, அது படித்த தங்கவயல். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பம் பெரிய தளமாக இருந்தது. அவருடைய ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இந்த ஊரிலிருந்து அச்சிட்டது. கீழே எட்டு மணி நேரம் கல்லுடைத்துவிட்டு மேலே வந்து பத்திரிகை படித்த, சந்தா கட்டிய மனிதர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. 1930இல், கைரேகையோடு கட்டாயப் பதிவு என்று கம்பெனி சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். தெருவில் ஒரு புத்தர், இரண்டு தெரு தள்ளி ஒரு மாரியம்மன், அதற்கப்பால் சாம்பியன் ரீஃபின் வெற்றி மாதா கோயில் என்று வரிசையாகப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் போனால் நட்சத்திர விளக்கு தொங்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நண்பருக்கு நான் எழுதிய பதிலில் ஜப்பானியர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். அவருக்கே தெரியாத கதை அது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்த்துகள்களின் தொல்லையில்லாத இடம் இயற்பியல் அறிஞர்களுக்குத் தேவைப்பட்டது. பாறையைக் குடையாகப் பிடிக்க வேண்டும். குடை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்து, பெரும்பாலும் எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவின் தடம் 1965இல் அங்கே பதிவாயிற்று. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதைக் கண்டார்கள். அந்த வகை நியூட்ரினோவுக்கு உலகிலேயே முதல் பதிவுகள் இவை இரண்டும்தான். பின்னர் ஜப்பானியர்கள் தங்கள் நாட்டுக் கமியோகா சுரங்கத்தில் பெரிய தண்ணீர்த்தொட்டி கட்டி அதே நியூட்ரினோக்களை ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காகத் தகாகி கஜிதாவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹீத்கோட்டின் பக்கம் நின்று வானத்தைப் பாருங்கள். நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் கோடிகோடியாக நியூட்ரினோத் துகள்கள் உங்களைத் துளைத்துக்கொண்டு கீழே போயிருக்கும். அவற்றைக் கண்ணி வைத்துப் பிடித்த இடம் உங்கள் காலுக்கு நேர்கீழே.

சாதோவோடு ஒப்பிட்டுப் புலம்ப வேண்டியதில்லை. அங்கேயும் எல்லாம் சுமுகமாக இல்லை. போர்க்காலத்தில் கொரியத் தொழிலாளிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கிய கதையை எப்படிச் சொல்வது என்று, மரபுப் பட்டியலில் சேர்க்கும்போது ஜப்பானும் தென் கொரியாவும் வாதாடின. கடைசியில் அவர்களைப் பற்றியும் ஒரு காட்சியறை வைத்தார்கள். நாம் ஒரு காட்சியறை வைத்தால் நுரையீரலில் கல்தூள் படிந்து இருமி இறந்தவர்களுக்கு ஒரு சுவராவது ஒதுக்க வேண்டும்.

ஆனால் அதற்குள் மேடுகள் இருக்குமா என்பதுதான் சந்தேகம். அந்த மாவில் இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சமிருக்கிறது. 13 மேடுகளையும் மறுபடி தோண்டி எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. வேலை கிடைக்கும் என்று ஊரில் ஒரு சாரார் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஆசையைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. பார்க்க நினைக்கிறவர்கள் மட்டும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டை மறக்கவில்லை. கடல் மீனை எதிர்பார்த்து வராதீர்கள், கருவாடு கிடைக்கும். இங்கே சாப்பாட்டின் ஆதாரம் கேழ்வரகு. ராகிக் களியை உருட்டி, கறிக்குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பக்கத்து இலைக்காரர் உங்களை வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனால் கொடுத்துவைத்தவர்கள். மே, ஜூனில் போனால் பக்கத்து சீனிவாசபுரத்து மாம்பழம் வண்டி வண்டியாக இறங்கியிருக்கும்.

ஆனால் இந்தப் பக்கத்துக்கென்று பெயர் வாங்கிய பண்டம் திரும்புகிற வழியில், பங்காரப்பேட்டையில்தான் இருக்கிறது. பங்காரப்பேட்டைப் பானிபூரி என்று பெங்களூரில் தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. மூலத்தை இங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும். மற்ற ஊர்ப் பானிபூரியில் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். இங்கே குழாய்த் தண்ணீர் போல நிறமே இல்லாமல் இருக்கும். ஏமாந்துவிடுவீர்கள். வாயில் வைத்த அரை நொடிக்கு ஒன்றும் நடக்காது. பிறகு புளிப்பும் காரமும் சேர்ந்து காது வரை ஏறும். இந்த ஊர்ப் பண்டமும் ஊரைப் போலத்தான், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதோவில் புரி, இங்கே பூரி என்று நண்பருக்கு எழுதி அனுப்பினேன்; இன்னும் பதில் வரவில்லை.

ரயிலுக்கு அரை மணி நேரம் முன்பாகவே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சாப்பிடுங்கள். காரம் தாங்காதவர்கள் தட்டை நீட்டும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் கடைக்காரர் சிரிப்பார்.